சிறுகதைப் பாடத்துக்கு எந்த ஒப்படை? காட்சி வேலைகள் ஏழின் ஒப்பீடு

தவணை நடுவில் தமிழ் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பது இது: "கதையை வாசித்து முடித்தாயிற்று. கேள்வி பதில் எழுதவிட்டால் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். ஏதாவது வரையவோ செய்யவோ சொல்லலாம் என்றால், எதைக் கொடுப்பது?" கொட்டாஞ்சேனையில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கும் வகுப்பிலிருந்தும் இந்தக் கேள்வி வருகிறது, வெள்ளவத்தையில் இருபது பேர் இருக்கும் வகுப்பிலிருந்தும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே பதில் சரிவராது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரே கதையை எடுத்து எல்லா ஒப்படையையும் அதில் வைத்துப் பார்க்கிறேன். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் மூலையில் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். முன்னே வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்பவர் கடவுள். இருவரும் காப்பி குடிக்கிறார்கள், ரிக்‌ஷாவில் போகிறார்கள், கந்தசாமிப் பிள்ளையின் வீட்டில் கடவுள் தங்குகிறார், பிழைப்புத் தேடி திவான் பகதூர் பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர் முன்னால் ஆடிக் காட்டுகிறார், கடைசியில் மனிதரோடு வாழ முடியாதென்று போய்விடுகிறார். நெல்லைப் பேச்சும் சென்னைத் தெருக்களும் கலந்த கதை. தரம் 10, 11 பிள்ளைகளுக்கும் உயர்தர வகுப்புக்கும் நன்றாகவே பொருந்தும். மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைப்பதால், பிரதி எடுக்கும் செலவு மட்டும்தான்.

## எதை வைத்து அளப்பது

என் முதல் அளவுகோல், ஒப்படையைச் செய்யும்போது பிள்ளை எத்தனை தடவை கதைத்தாளைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கிறது என்பது. கதையை ஒரு தடவை கேட்டதை வைத்தே செய்து முடிக்கக்கூடிய வேலை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சித்திரப் பாடத்துக்கு உரியது.

இரண்டாவது, அந்த வேலை பிள்ளையை ஒரு தீர்மானம் எடுக்க வைக்கிறதா என்பது. தவறாகவும் போகக்கூடிய தீர்மானமாக அது இருக்க வேண்டும். "கதையின் திருப்பம் எந்த இடம்?" என்று கேட்டால் இரண்டு பிள்ளைகள் இரண்டு இடத்தைக் காட்டி வாதாடலாம். "உங்களுக்குப் பிடித்த காட்சியை வரைக" என்றால் வாதாட ஒன்றுமில்லை.

மற்றவை நடைமுறை சார்ந்தவை. நாற்பது நிமிடப் பாடவேளை எத்தனை போகும்? காசு யாருடைய கையிலிருந்து போகும்? வரையத் தெரியாத பிள்ளை தலைநிமிர்ந்து செய்ய முடியுமா? செய்து முடித்தபின் அதே பிள்ளை பரீட்சையில் ஒரு பந்தி எழுதும்போது இது கைகொடுக்குமா?

முதலிரண்டில் தேறாத ஒப்படையை, மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும் நான் கொடுக்க மாட்டேன். அவசரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு அட்டவணை:

| ஒப்படை | பாடவேளை | செலவு | தனி / குழு | கதையைத் திரும்பத் திறக்க வைப்பது |
|---|---|---|---|---|
| பயண வரைபடம் | 3 | குறைவு | மூவர், நால்வர் | மிக அதிகம் |
| ஆறு கட்டச் சித்திரக்கதை | 4 முதல் 5 | குறைவு | இருவர் | அதிகம், விதிகள் இருந்தால் |
| ஆளுயர உருவரை | 2 முதல் 3 | நடுத்தரம் | ஐவர், அறுவர் | அதிகம் |
| ஒற்றைத் தாள் | 2 | மிகக் குறைவு | தனி | நடுத்தரம் |
| உறைகாட்சி | 1 முதல் 2 | இல்லை | ஐவர், அறுவர் | நடுத்தரம் |
| பெட்டிக் காட்சி | வீட்டில் | அதிகம் | தனி | குறைவு |
| கணினிச் சுவரொட்டி | 2 முதல் 3 | இடத்தைப் பொறுத்தது | இருவர் | குறைவு |

## பயண வரைபடம்

கதை நடக்கும் இடங்களை ஒரு பெரிய தாளில் வழியாக வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் என்ன மாறுகிறது என்று குறிப்பது. வெறும் இடப்பெயர் வரிசையாக விட்டால் இது ஒன்றுக்கும் உதவாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கேள்வியைப் போட வேண்டும்: இந்த இடத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது?

இந்தக் கதையில் அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். தெருமூலையில் எல்லாம் தெரிந்தவர் என்று நாம் நினைக்கும் கடவுள்தான் வழி கேட்கிறார். காப்பிக் கடையில் அவரிடம் நூறு ரூபாய் நோட்டு இருக்கிறது, ஆனால் காப்பியில் கலக்கும் சிக்கரி என்றால் என்னவென்று கந்தசாமிப் பிள்ளைதான் விளக்க வேண்டியிருக்கிறது. ரிக்‌ஷாக்காரர் கூலி வாங்கிக்கொண்டு நன்றாயிருக்க வேண்டும் என்று கடவுளையே வாழ்த்துகிறார். வாழ்த்தியவரைக் கந்தசாமிப் பிள்ளை அதட்ட, இத்தனை காலத்தில் இப்படி மனம் குளிர ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று கடவுள் நெகிழ்கிறார். வீட்டில் குழந்தை வள்ளி அவரைத் தாத்தாவாக்கி விளையாட்டுக்கு இழுக்கிறாள். திவான் பகதூர் வீட்டில் அவருக்கு மதிப்பே இல்லை. இவற்றைக் கோட்டின் மேலேயும் கீழேயும் ஏற்ற இறக்கமாகக் குறித்துவிட்டால், கதையின் கட்டமைப்பு தாளில் எழுந்து நிற்கும். ரிக்‌ஷா இடத்தை மேலே போடுவதா கீழே போடுவதா என்று குழுவுக்குள் சண்டை வரும். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டிய விமர்சனம்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. கதையின் தொடக்கத்தில் கந்தசாமிப் பிள்ளை டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா, நடப்பதா என்று கணக்குப் போடுகிறார். டிராம் என்றால் என்ன என்று வகுப்பு கேட்கும். சென்னையில் டிராம் 1953இல் நின்றுபோனது. இங்கே கொழும்பில் 1960 வரை பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் ஓடியது. வீட்டில் வயதான தாத்தா, அம்மம்மா இருந்தால் கேட்டு வரச் சொல்லலாம். பிறகு அதே வரைபடத்தின் கீழே இரண்டாவது கோடு ஒன்று: கடவுள் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நின்று வெள்ளவத்தைக்கு வழி கேட்டால்? 100ஆம் இலக்க பஸ்ஸா, கரையோர ரயிலா, ஓட்டோவா? எங்கே தேநீர் குடிப்பார்கள்? அவரை யார் வாழ்த்துவார்கள், யார் துரத்துவார்கள்? இந்த இரண்டாவது கோட்டை முதலாவதை முடித்த குழுவுக்கு மட்டும் கொடுங்கள். முன்கூட்டியே கொடுத்தால் எல்லோரும் காலி வீதியிலேயே நின்றுவிடுவார்கள், புதுமைப்பித்தனிடம் திரும்பி வர மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு ஆசிரியருடைய நேரம். பழைய சென்னையைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிராட்வேக்கு இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் பிரகாசம் சாலை. கைபேசி வரைபடத்தில் தேடும் பிள்ளை குழம்பும். இன்னொன்று, ஒரே அறைக்குள் நடக்கும் கதைக்கோ ஒருவருடைய நினைவுக்குள் மட்டும் நடக்கும் கதைக்கோ இந்த வழி அவ்வளவாகப் பயன்படாது.

## ஆறு கட்டச் சித்திரக்கதை

பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது இது. ஆசிரியர்களை மிக ஏமாற்றுவதும் இதுதான். கேட்டவுடன் வகுப்பு உற்சாகப்படும், நன்றாக வரையும் இரண்டு பேர் பென்சிலைப் பிடுங்கிக்கொள்வார்கள், மற்றவர்கள் கோடு அடித்துக் கொடுப்பார்கள். முடிவில் கையில் இருப்பது கதைச்சுருக்கம், படங்களோடு.

ஆனாலும் இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. காரணம் ஆறு என்ற எண். நீளமான கதையிலிருந்து ஆறே கணங்களை எடுக்க வேண்டுமானால், எதை விடுவது என்று ஒவ்வொரு பிள்ளையும் தீர்மானிக்க வேண்டும். காப்பிக் கடையை விட்டால் கதைக்கு என்ன நட்டம்? வள்ளியை விட்டால்? எட்டுக் கட்டம், பத்துக் கட்டம் என்று தாராளமாகக் கொடுக்காதீர்கள். இடம் கூடக் கூட தீர்மானம் லேசாகிப் போகும்.

இதற்கு நான் மூன்று விதி வைப்பேன். குச்சி மனிதர்கள் போதும், வரைதலுக்குப் புள்ளி இல்லை. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் கதைசொல்லியின் வாக்கியம் ஒன்று, கதையில் உள்ளபடியே இருக்க வேண்டும், ஏனென்றால் உரையாடலை மட்டும் எடுத்துக்கொண்டால் புதுமைப்பித்தனின் குரல் காணாமல் போய்விடும். இந்தக் கதையின் கூர்மை பாதிக்கு மேல் அந்தக் குரலில்தான் இருக்கிறது. மூன்றாவது, தாளின் பின்பக்கத்தில், விட்டுவிட்ட ஒரு காட்சியின் பெயரும் விட்டதற்கான காரணமும் நாலு வரியில். திருத்தும்போது நான் முதலில் வாசிப்பது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

கடவுளை எப்படி வரைவது என்ற பிரச்சினை வரும், அதை முன்னாலேயே யோசித்துவையுங்கள். வயது அறுபது இருக்கலாம், அறுபதினாயிரமும் இருக்கலாம் என்று கதை சொல்லும் ஒரு முகத்தை யார் வரைவது? அதைவிட முக்கியமாக, கொழும்பில் தமிழ்மொழி மூல வகுப்பு என்றால் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பார்கள். கடவுளுக்கு உருவம் கொடு என்று ஒரு முஸ்லிம் பிள்ளையிடம் சொல்வது நியாயமில்லை. அந்தப் பிள்ளையை மட்டும் தனியே கூப்பிட்டு விலக்கு அளிப்பதும் நல்லதல்ல. எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி போட்டுவிடுங்கள்: ஆறு கட்டத்திலும் கடவுளை வரையக் கூடாது. எதிரே நிற்பவரின் முகம், நீட்டிய நோட்டு, காலியான கதிரை, தரையில் விழும் நிழல், இவற்றால் மட்டும் அவர் அங்கே இருப்பதைக் காட்ட வேண்டும். இந்த விதி யாரையும் சங்கடப்படுத்தாமலிருக்க வந்தது, ஆனால் வாசிப்பையும் ஆழமாக்குகிறது. பிள்ளைகள் கடவுளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவரைப் பார்க்கும் மனிதர்களைக் கவனிக்கத் தொடங்குவார்கள். கதை பேசுவது அவர்களைப் பற்றித்தானே.

நேரம் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாலு பாடவேளைக்குக் குறைவாக இது முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தவணைப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தொடங்க வேண்டாம்.

## ஆளுயர உருவரை

பெரிய டிமை தாள்களை ஒட்டி, ஒரு பிள்ளையைப் படுக்கவைத்து உடலின் ஓரத்தைச் சுற்றி வரைந்து, அந்த உருவத்துக்குள் ஒரு பாத்திரத்தை நிரப்புவது. உருவத்துக்கு வெளியே அவர் வாயால் சொல்பவை, உள்ளே அவர் நினைப்பவை, கைகளில் அவர் செய்பவை, கால்களில் அவர் எங்கிருந்து வருகிறார் என்பது.

உள்ளும் புறமும் வேறாக இருக்கும் பாத்திரத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கந்தசாமிப் பிள்ளை அதற்கென்றே பிறந்தவர். கடவுளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவரைத் தன் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராக்கிவிடும் மனிதர். வெளியே என்ன சொல்கிறார், உள்ளே என்ன கணக்குப் போடுகிறார் என்று நிரப்ப வரிக்கு வரி போக வேண்டும். "நல்லவர்", "பேராசைக்காரர்" போன்ற சொற்களைத் தடைசெய்துவிடுங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் அவர் செய்த ஒரு செயலும் அது வரும் பக்கமும் இருக்க வேண்டும்.

தடங்கல் இடம்தான். மேசை கதிரை நிரம்பிய வகுப்பறையில் தரையே தெரியாது. மண்டபம் கிடைக்குமா என்று அதிபரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். பெண்பிள்ளைகளைத் தரையில் படுக்கவைப்பதில் வீட்டாருக்கும் பிள்ளைக்கும் தயக்கம் இருக்கலாம். அப்படியானால் யாரையும் படுக்கவைக்காமல் பாதி அளவில் கையால் வரைந்துகொள்ளலாம், பயன் குறையாது. தாள், ஒட்டுநாடா, நிறப் பேனைச் செலவு குழுவுக்குள் பகிரப்பட்டாலும், அந்தப் பங்கையும் கொண்டுவர முடியாத பிள்ளை இருக்கும். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் இலவசம், அதுவே போதும்.

## ஒற்றைத் தாள்

ஏ4 தாள் ஒன்றில் தனியாக: நடுவில் கதையின் மையப் பொருள் ஒன்றின் படம், சுற்றிலும் மூன்று மேற்கோள், ஒரு கேள்வி, ஒரு பாத்திரத்தின் மாற்றம், நாலு வரிக் கருத்து. செலவில்லை, இரண்டு பாடவேளையில் முடியும், நாற்பது பேருடையதையும் ஒரு சனிக்கிழமையில் திருத்திவிடலாம். யார் என்ன செய்தார் என்ற குழப்பமே இல்லை.

இது மேற்கோள் அலங்காரமாகச் சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூவேலைக் கரையும் வானவில் எழுத்துமாக வரும் தாளில் சிந்தனை இல்லாமல் போகலாம். அதற்கு ஒரு வழி, மூன்று மேற்கோள்களும் நடுப்படமும் ஒன்றோடொன்று அம்புக்குறியால் இணைய வேண்டும், அம்பின் மேல் "ஏனென்றால்" என்று தொடங்கும் வாக்கியம் ஒன்று இருக்க வேண்டும் என்பது. அந்த அம்புகளை வரிசையாகப் படித்தால் ஒரு இலக்கிய நயப் பந்தியின் எலும்புக்கூடு கிடைக்கும். பரீட்சைக்கு நேராகக் கைகொடுப்பது இதுதான்.

ஒரு பொருளைச் சுற்றிக் கட்டிய கதைக்கு ஒற்றைத் தாள் மிகப் பொருந்தும். ஈழத்து எழுத்தாளர் இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' மாதிரிக் கதை என்றால் நடுப்படம் என்ன என்பதில் குழப்பமே வராது. நம் கதையில் அப்படி ஒற்றைப் பொருள் இல்லை. சிலர் காப்பிக் குவளையை வரைவார்கள், சிலர் நூறு ரூபாயை, சிலர் கடவுள் ஆட வரும்போது அணிந்திருக்கும் பாம்பை. எதுவும் சரி, அம்புகள் நின்றால்.

## உறைகாட்சி

குழுவாக எழுந்து கதையின் ஒரு கணத்தில் அசையாமல் நிற்பது. மற்றவர்கள் வந்து ஒருவரின் தோளைத் தொட்டால், அந்தப் பாத்திரம் அப்போது நினைப்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். காசு இல்லை, தாள் இல்லை, ஒரு பாடவேளை. எழுத்தில் பின்தங்கிய, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை இதில் திடீரென்று தெரிவதைப் பல ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

திவான் பகதூர் வீட்டுக் காட்சி இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். புலித்தோலும் உயிருள்ள பாம்புமாக ஆட வந்தவரைப் பார்த்து, பாம்பு மாதிரி ஆபரணமும் புலித்தோல் மாதிரிப் பட்டும் போதாதா, கலை என்றால் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டாமா என்று அந்தப் பெரிய மனிதர் கோபிக்கிறார். யார் எங்கே நிற்பது, யார் உட்காருவது, கந்தசாமிப் பிள்ளை யாருடைய பக்கம் சாய்வது என்று தீர்மானிக்கவே கதையை இரண்டு தடவை படிக்க வேண்டும். ஆடுபவருக்குரிய இடத்தை வெற்றிடமாக விடலாம். கடவுளுக்கு உருவம் கொடுக்கக் கூடாது என்று மேலே சொன்ன விதி இங்கேயும் நல்லது.

குறை என்னவென்றால், மணி அடித்ததும் எல்லாம் கலைந்துபோகும். ஆகவே நின்றவர் ஒவ்வொருவரும் மறுநாள் ஐந்து வரி எழுதித் தர வேண்டும். கைபேசியில் படமெடுப்பது பற்றிப் பாடசாலை விதியைப் பாருங்கள். எடுத்தாலும் பெற்றோரின் சம்மதமில்லாமல் வட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

## பெட்டிக் காட்சி

சப்பாத்துப் பெட்டிக்குள் கதைக் காட்சியைச் செய்து கொண்டுவருவது. பார்க்க மிக அழகு, பெற்றோர் தினத்தில் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். அந்த நோக்கத்துக்கு மட்டும் கொடுக்கலாம். நிறத்தாள், ரெஜிபோம், பசை என்று காசு போகிறது. பாதிப் பெட்டிகளை அம்மா அல்லது அக்கா செய்கிறார்கள். காலை நேர பஸ் நெரிசலில் கொண்டுவருவதற்குள் நசுங்கிவிடுகிறது. கதையைத் திரும்பத் திறக்க வைக்கும் வேலையும் இதில் குறைவு. ஒரே அறைக்குள், பொருள்களின் இருப்பிடமே அர்த்தம் தரும் கதையாக இருந்தால் மட்டும், வகுப்பிலேயே வெறும் மட்டையால் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

## கணினிச் சுவரொட்டி

கன்வா போன்ற செயலிகளில் செய்வது. கணினிக் கூடம் உள்ள பாடசாலையில், தமிழ்த் தட்டச்சுத் தெரிந்த உயர்தரப் பிள்ளைகளுக்குச் சரி. மற்ற இடங்களில் வீட்டில் மடிக்கணினி இருக்கும் பிள்ளைக்கும் அம்மாவின் கைபேசியை இரவில் அரைமணி நேரம் வாங்கும் பிள்ளைக்கும் ஒரே புள்ளித் திட்டம் போடுவது அநியாயம். நிற அச்சுச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவுப் படங்களும் வந்துவிட்டன. கடவுள் என்று எழுதிக் கொடுத்தால் அது ஒரு நாட்காட்டிக் கடவுளைத் தரும். இந்தக் கதையில் மாணவர் யோசித்து எடுக்க வேண்டிய மிகப் பெரிய தீர்மானத்தை இயந்திரம் ஒரு நொடியில் எடுத்துவிடுகிறது. ஒருவழி மட்டும் பயனுண்டு: இயந்திரம் தந்த படத்தை அச்சிட்டு வகுப்பில் ஒட்டி, கதையோடு எங்கெங்கே முரண்படுகிறது என்று வரி எண்ணோடு பிழை திருத்தச் சொல்வது. அது நல்ல பயிற்சி, அரை மணியில் முடியும்.

## எந்த வகுப்புக்கு எது

பெரிய வகுப்பு, பரீட்சை கிட்ட இருக்கிறது, புள்ளி பதிய வேண்டும் என்றால் ஒற்றைத் தாள். தயங்க வேண்டாம்.

தரம் 10, தவணைத் தொடக்கம், கதையில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் பயண வரைபடம். எல்லா ஒப்படைகளிலும் எனக்கு நம்பிக்கை அதிகமானது இதில்தான்.

கதை ஒரு மனிதரின் மனத்துக்குள் சுழல்கிறது என்றால் உருவரை. வகுப்பு பேசவே மறுக்கிறது, கதை பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கிறது என்றால், முதல் நாளே உறைகாட்சி. அதன்பின் வேறு எதையும் கொடுக்கலாம்.

சித்திரக்கதைக்கு நேரமுள்ள தவணையும் உறுதியான விதிகளும் வேண்டும். இரண்டும் இருந்தால் பிள்ளைகள் அந்தக் கதையை நெடுங்காலம் மறக்க மாட்டார்கள். சித்திர ஆசிரியரோடு சேர்ந்து, அவருடைய பாடவேளையில் இரண்டைக் கேட்டு வாங்கினால் சுமை பாதியாகும். அவர் வரைதலுக்குத் தன் பாடத்தில் புள்ளி போடட்டும், நீங்கள் பின்பக்கத்தின் நாலு வரிக்குப் போடுங்கள்.

உயர்தர வகுப்பில் இரண்டை இணைக்கலாம். முதல் கிழமை குழுவாக வரைபடம், இரண்டாம் கிழமை தனித்தனியே ஒற்றைத் தாள், குழுவின் வரைபடத்தோடு தான் உடன்படாத ஓர் இடத்தை நடுவில் வைத்து. புதுமைப்பித்தனின் வேறு கதைகளையும் ஈழத்துக் கதைகளையும் அடுத்த சுற்றுக்குத் தேடுபவர்களுக்கு வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. ஈழத்துத் தொகுப்புகள் பலவற்றை 'நூலகம்' என்ற இணையத்தளத்திலும் வாசிக்கலாம். கதையைத் தேர்ந்தபின் ஒப்படையைத் தேருங்கள், மறுபக்கமாக வேண்டாம்.